சனிக்கிழமை எழுதிய திங்கட்கிழமைச் செய்தி

திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பது. ஸ்ரீவராகத்தில், தினமும் அலுவலகத்துக்குப் போகும் வழியிலுள்ள தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பியதும் நான் முதலில் பார்த்தது, ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கயிற்றுச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை. ஏற்றவில்லை, இறக்கினார்கள். மூன்று சுருள்கள் ஏற்கெனவே வாசற்படியில் கிடந்தன. கான்வாஸ் ஸ்ட்ரெச்சர் சுவரில் சாய்ந்து நின்றது. முந்தின நாள் மாலை தொடங்கிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்கிரகாரத்தின் இரண்டு பக்கமும் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இறக்கியவர்களில் ஒருவர் வீட்டுக்காரர் சுப்ரமணியன், கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். இன்னொருவர் ஜீப் டிரைவர் தங்கப்பன்.

"என்ன சார், கிளம்பலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஓய் கிளம்பணும்? உம்ம பேப்பர்லேயே போட்டுடுத்தே, எல்லாரும் சௌக்கியமா எறங்கியாச்சுன்னு. பஸ் ஓடியிருக்காது. அவா எஸ்டேட்லே போர்த்திண்டு தூங்கறா. நாங்கதான் நாலு மணிக்கு எழுந்து பைத்தியம் மாதிரி கயிறு சுத்திண்டிருந்தோம்."

அவர் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. ஐந்தாம் பக்கம் வெளியே தெரிய மடித்திருந்தார்.

தங்கப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சாரே, அப்போ இன்னு போகண்டா அல்லே? ஞான் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வராம்."

ஐந்தாம் பக்கத்துச் செய்தியை நான் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். அது சனிக்கிழமை மதியம், மலைக்கு யாரும் கிளம்புவதற்கு முன்னால், பழவங்காடியில் எங்கள் ஒற்றை அறை அலுவலகத்தில் எழுதப்பட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பழைய ஆட்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய செய்தி எது, முதலில் கொடுத்தது யார். முதலில் கொடுத்த செய்தியைப் பற்றித்தான் நானும் சொல்லப்போகிறேன். நடப்பதற்கு ஒரு நாள் முன்னால் எழுதியது.

எழுபதுகளில் இந்த நகரத்தில் பாறை ஏறுகிறவர்கள் இருபது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் அலுவலகக்காரர்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கணக்கர்கள், பாங்க் குமாஸ்தாக்கள், ஸ்ரீவராகத்து ஆட்கள் சிலர். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் பொன்முடிக்குப் போவார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு மேலே அரை மணி நேரம் நடந்தால் ஒரு பெரிய பாறைச் சுவர். லயத்துத் தொழிலாளர்கள் அதை நரைப்பாறை என்பார்கள். ஏறிவிட்டு, மாலை பஸ்ஸைப் பிடித்து எட்டு நாற்பதுக்குக் கிழக்குக் கோட்டையில் வந்து இறங்குவார்கள். முழங்கையில் தோல் உரிந்திருக்கும். மறுநாள் காலை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள்.

குழுவின் செயலாளர் சிவதாணு. மரக்கடை ஒன்றில் கணக்கர். நல்ல மனிதர், அளவுக்கு மேல் உற்சாகம். பாறை ஏறுவதில் பாதி சந்தோஷம் அவருக்குச் செய்தி வருவதில்தான். வெட்டி ஒட்டிவைக்க ஒரு ஆல்பம் வைத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. ஞாயிறு ஏறினால் திங்கட்கிழமை பேப்பரில் வர வேண்டும். ஆனால் எங்கள் பேப்பர் அச்சாவது திருநெல்வேலியில். நான் தலைமை அலுவலகத்தோடு பேசும் டிரங்க் கால் ஞாயிறு மூன்று மணிக்கு. அவர்கள் ஊர் திரும்புவதோ எட்டு நாற்பதுக்கு. செய்தி செவ்வாய்க்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை வந்தால் ஆபீசில் யாரும் பேசமாட்டார்கள் என்பார் சிவதாணு.

அதற்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சனிக்கிழமை மதியம் அவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து, நாளைக்கு யார் யார் ஏறுகிறார்கள், எந்த வழியாக என்று சொல்வார். நான் செய்தியை இறந்த காலத்தில் எழுதி மேசை இழுப்பறையில் வைப்பேன். ஏதாவது மாறினால் ஞாயிறு மூன்று மணிக்கு முன்னால் எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டும். போன் வராவிட்டால் எழுதியபடி எல்லாம் நடந்தது என்று பொருள். மூன்று மணிக்கு நான் அதைப் போனில் வாசித்துவிடுவேன்.

இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். குழுவில் மற்றவர்கள், சிவதாணு மலையிலிருந்து போன் போட்டுச் செய்தி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நினைக்க விட்டோம்.

ஏழெட்டுத் தடவை சரியாக நடந்தது. ஒரு தடவை மழை வந்து பாதியில் இறங்கிவிட்டார்கள். இரண்டரைக்குப் போன் வந்தது, நானும் திருத்தினேன். ஏற்பாடு வேலை செய்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்னொரு தடவை கிழக்கு விரிசல் வழியாக ஏறினார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் ஏறியது மேற்குப் பக்கமாக. மாற்றியதைச் சொல்ல சிவதாணு மறந்துவிட்டார். சுப்ரமணியன் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்: "ஏன் ஓய், சூரியன் உம்ம ஆபீசுக்கு மேற்கேதான் உதிக்கறதா?" போனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். சிரித்துவிட்டு என் செலவில் காபி குடித்துவிட்டுப் போனார். அந்தப் பொய் எனக்கு ஒரு நிமிடம்கூட உறுத்தவில்லை.

குழுவுக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. அதை ஏற்படுத்தியவர் சுப்ரமணியன். எத்தனை பேர் ஏறப் போனாலும் இரண்டு பேராவது ஊரில் இருக்க வேண்டும். நீளக் கயிறுகளும் ஸ்ட்ரெச்சரும் அவர் வீட்டில் இருக்கும். போனவர்கள் எட்டு நாற்பது பஸ்ஸில் வராவிட்டால், விடிந்ததும் ஐந்தரைக்கு ஜீப் கிளம்பும். யாரையும் கேட்கக் கூடாது, யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. இரவில் அந்த மலைச்சாலை வளைவுகளில் ஏறிப் போய் இருட்டில் பாறையில் ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் ஐந்தரை. இந்த ஏற்பாட்டைத்தான் ரிசர்வ் என்று சொல்வார்கள். மேலே போகிறவன் தைரியமாக ஏறுவதே அந்த ஐந்தரை மணி ஜீப்பை நம்பித்தான்.

எங்கள் ஏற்பாடும் அவர்கள் ஏற்பாடும் ஒன்றையொன்று தொடவே இல்லை, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்று போனவர்கள் நான்கு பேர். சிவதாணு, பாங்க் குமாஸ்தா நாகராஜன், இன்னும் இரண்டு இளைஞர்கள். நாகராஜன்தான் குழுவிலேயே நன்றாக ஏறுகிறவர், முப்பத்தொரு வயது. முதல் ஆளாகக் கயிறு கட்டிக்கொண்டு போவது எப்போதும் அவர்தான். நான் எழுதியது இது: "பொன்முடியை அடுத்த நரைப்பாறையின் செங்குத்தான வடக்கு முகத்தில் நகர மலையேறும் குழுவைச் சேர்ந்த நால்வர் நேற்று ஏறி உச்சியை அடைந்தனர். என். நாகராஜன் முதலாவதாக உச்சியில் கால் வைத்தார். பிற்பகலில் அனைவரும் நலமாகக் கீழே இறங்கினர்."

ஞாயிறு மூன்று மணி வரை போன் வரவில்லை. வாசித்தேன். தலைமை அலுவலகத்தில் வழக்கமாக என் செய்திகளை எடுப்பவர் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர். எதை வாசித்தாலும் முடிவில் ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் பல செய்திகளை ஒழுங்காக விசாரித்திருக்கிறேன். மலையேறும் செய்திகளுக்கு "கேட்டது" என்று சொல்லிவந்தேன். அன்று அவருக்கு விடுமுறை. வேறொருவர் எழுதிக்கொண்டு, "சரி, அடுத்தது?" என்றார்.

இனி ஐந்து ஐம்பதுக்கு வருகிறேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம்தான். 'சார், அது சனிக்கிழமை எழுதினது, ஏத்துங்க.' சொல்லவில்லை. எட்டு நாற்பது பஸ்ஸில் அவர்கள் வரவில்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இறங்கினார்கள் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதும் தெரியும். அதே சமயம், போன் வரவில்லையே, அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பும் ஓடியது. முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம், ஒன்றும் தெரியாமல் இவர்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதைக் கவனியுங்கள். உறுதிப்படுத்தாமல் எதையும் வெளியே சொல்லாதே என்பது நம் தொழிலின் நல்ல விதி. அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த விதியை நான் நினைக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில்தான் அது என் நினைவுக்கு வந்தது.

"சரி சார், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

ஆறு ஐந்துக்கு அலுவலகத்தில் எஸ்டேட்டுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். ஆறரைக்குக் கேட்டேன். "ட்ரை செய்யுன்னுண்டு சாரே" என்றாள் ஆபரேட்டர். ஏழரைக்கு அவளே கூப்பிட்டாள். "சாரே, பொன்முடி லைன் கிட்டில்ல. மரம் வீணு கம்பி போயி. இன்னலெ பதினொண்ணு மணிக்கே போயதா."

நேற்றுக் காலை பதினொரு மணிக்கே மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. மூன்று மணிக்கு முன்னால் போன் வராததற்கு எந்த அர்த்தமும் இல்லை என்பது ஏழரைக்கு எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. இதைவிட உறுதியாக ஒரு விஷயம் என் பணிக்காலத்தில் வேறெப்போதும் எனக்குத் தெரிந்ததில்லை.

எட்டு மணிக்கு சுப்ரமணியன் வீட்டுக்குப் போனேன். வாசல் கம்பியில் கயிறுகளை உலர்த்தியிருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்கோ. அவர் குளிச்சிண்டிருக்கார். உக்காருங்கோ, காபி தரேன்."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் அவர் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். மேற்குப் பக்கம், கிழக்கு விரிசல், போனில் சரியாகக் கேட்காதது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எட்டு செய்திகளும் சந்திக்கு வரும். தலைமை அலுவலகத்துக்குத் தெரியும். வேலை போகும். இரண்டு மூன்று நிமிடம் நின்றிருப்பேன்.

"ஒண்ணுமில்லை மாமி. அப்புறம் வரேன்" என்றேன்.

"காபி கலந்தாச்சே!" என்றார் அவர் உள்ளேயிருந்து. நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

ஒன்பது பதினைந்துக்கு அலுவலகத்தில் போன் அடித்தது. மலையடிவாரத்துத் தபால் ஆபீசிலிருந்து சிவதாணு.

"அண்ணாச்சி, ரிசர்வ் எத்தன மணிக்குக் கெளம்பிச்சு? இங்க இன்னும் வரல்ல. வழியில எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா?"

"கிளம்பலை."

"என்ன சொல்லுதீய? கேக்கல்ல."

"கிளம்பலை சிவதாணு. ஐந்தரைக்குக் கயிறெல்லாம் ஏத்திட்டாங்க. அப்பதான் பேப்பர் வந்தது. எல்லாரும் இறங்கியாச்சுன்னு போட்டிருந்தது. இறக்கிட்டாங்க."



"எந்தப் பேப்பர்?" என்றார். பிறகு அவரே, "நான் சொன்னதா? சனிக்கிழமை?"

"ஆமா."

"நாகராசன் தொட முறிஞ்சு பாறையில கெடக்கான் அண்ணாச்சி. நேத்து ஒரு மணியிலேருந்து. ரத்தம் நிக்கல்ல. கயிறு வேணும். நீளக் கயிறு இல்லாம அவன எறக்க முடியாது." ரிசீவரை நீட்டிவிட்டார். தபால் ஆபீஸ்காரர் வாங்கி, "ஹலோ, ஹலோ" என்றார்.

நடந்ததை வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிறு காலையே மலைமேல் காற்றும் மழையும். காத்திருந்து, மழை விட்டதும் ஏறினார்கள். ஈரப் பாறையில் ஏறியிருக்கக் கூடாது. அது அவர்கள் தவறு, அதில் எனக்குப் பங்கில்லை. ஒரு மணி வாக்கில் நாகராஜன் அடித்திருந்த இரும்பு ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டது. முப்பதடி கீழே ஒரு திட்டில் விழுந்தார். விழுந்ததில் கயிறு பாறை விளிம்பில் அறுபட்டது. மிச்சமிருந்த கயிறு அந்தத் திட்டிலிருந்து தரைக்கு எட்டாது. இளைஞர்கள் இருவரும் எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கயிற்றின் கடைசியில் இருந்த சிவதாணு கீழே இறங்கி எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினார். இரண்டு இருபதுக்குப் போனை எடுத்திருக்கிறார். மூன்று மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. போன் செத்திருந்தது. சாலையில் மரங்கள் விழுந்து பஸ்ஸும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த ஐந்தரை மணி ஜீப்பை நம்பிச் செய்ததுதான். லயத்து ஆட்களைத் தார்ப்பாயோடு கூட்டிக்கொண்டு பாறையடிக்குத் திரும்பினார். விடியற்காலை மூன்று மணிக்கு, வருகிற ஜீப்பை எதிர்கொண்டு வழிகாட்ட லாந்தரோடு இறங்க ஆரம்பித்தார். ஏழு மணிக்கு அடிவாரம். ஜீப் ஏழரைக்கு வந்திருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸ் ஒன்பதுக்குத்தான் திறக்கும். திறந்த பிறகும் பத்து நிமிடம், இதோ வந்துவிடும் என்று வெளியில் நின்றாராம். சனிக்கிழமை சொல்லிவிட்டு வந்த செய்தி அந்த இரவு முழுவதும் ஒரு தடவைகூட அவர் நினைவுக்கு வரவில்லை.

நான் போய்ச் சொன்னபோது சுப்ரமணியன் கல்லூரிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் முடிப்பதற்குள் கம்பியிலிருந்து கயிறுகளை இழுக்கத் தொடங்கிவிட்டார். சுற்றிக்கொண்டே கேட்டார்: "உமக்கு எப்போ தெரியும்?"

"இப்பத்தான் சார். போன் வந்ததும் ஓடி வரேன்."

உள்ளே அவர் மனைவி நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கப்பனைத் தேடிப் பிடித்துக் கிளம்பும்போது ஒன்பது நாற்பது. நானும் ஏறிக்கொண்டேன். அடிவாரத்தில் சிவதாணுவை ஏற்றினோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒன்பதாவது வளைவில் மரம் கிடந்தது. அறுத்துத் தள்ள முக்கால் மணி நேரம். பாறையடிக்குப் போனபோது ஒன்று இருபது.

லயத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மழையில் நின்றிருந்தார்கள். ஒரு பால்கேனை, ஆளைத் தாங்காத சணல் கயிற்றில் கட்டி மேலே இருந்தவர்களுக்கு ராத்திரி முழுக்க டீ அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேன் திட்டுக்குக் கீழே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து யாரும் இழுக்கவில்லை.

தென்காசிப் பக்கத்துக் கங்காணி ஒருவர் என்னிடம் வந்தார். "பதினொன்னே முக்கா வரைக்கும் பேச்சு இருந்திச்சுங்க. ஜீப்பு வந்திருச்சா, ஜீப்பு வந்திருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கூட இருந்த தம்பிங்க, இந்தா சத்தம் கேக்குது, வளைவுல வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்களுக்கும் கேக்கிற மாதிரியே இருந்திச்சு."

சுப்ரமணியன் சுற்றி வந்து மேலே ஏறி, நீளக் கயிற்றைக் கட்டி, ஸ்ட்ரெச்சரை இறக்கி, நாகராஜனின் உடலையும் அந்த இளைஞர்களையும் தரைக்குக் கொண்டுவர நாற்பது நிமிடம் ஆயிற்று. இறந்த நேரம் பதினொன்று ஐம்பது என்று இளைஞர்கள் சொன்னதை எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் எழுதிக்கொண்டார்.

ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால், அந்த மரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஜீப் ஒன்பதேகாலுக்குள் அங்கே போயிருக்கும். ஐந்து ஐம்பதுக்கு என்றால் ஒன்பதரை. எட்டு மணிக்கு என்றால்கூட அவர் பேசிக்கொண்டிருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் பல தடவை போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வருகிறது.

மாலையில் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி கொடுத்தேன். அன்று எடுத்தவர் அந்த மூத்த உதவி ஆசிரியர்தான். முழுதும் எழுதிக்கொண்டு, "நேத்து கொடுத்தது?" என்றார்.

"தகவல் பிழை சார்."

"யார் தகவல்?"

"குழுவோட செயலாளர்."

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார். திருத்தம் எதுவும் வரவில்லை. பேப்பரில் யாரும் கேட்காத திருத்தம் வருவதில்லை. போலீஸ் விசாரணையில் ஆணியைப் பற்றிக் கேட்டார்கள், மழையைப் பற்றிக் கேட்டார்கள். பேப்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் வேலை போகவில்லை. மேலும் பதினெட்டு வருடம் இருந்து முழு ஓய்வூதியத்தோடுதான் வெளியே வந்தேன். குழு அந்த வருடமே கலைந்தது. சிவதாணு மரக்கடை வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்றாவது நாள், நாகராஜனின் மனைவி லலிதா அலுவலகத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. காலை பதினொரு மணி இருக்கும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அந்த மாமி வீட்டுக்கு எட்டு மணிக்கு எதுக்குப் போனிய?" என்று கேட்டார்.

சுப்ரமணியனின் மனைவி துக்கத்துக்குப் போயிருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

"சொல்றதுக்குத்தான் போனேன்."

"சொல்லல்லியே."

"சொல்லலை."

"எட்டு மணிக்குத்தான் தெரியுமா?"

அதுவரை அந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் ஒன்பதேகால் என்று சொல்லியிருந்தேன்.

"அஞ்சு அம்பதுக்குத் தெரியும்" என்றேன். "ஜீப்லேருந்து கயிறு இறக்கும்போது நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"அஞ்சு அம்பது" என்று திருப்பிச் சொன்னார். வகுப்பில் பிள்ளை சொன்ன விடையைத் திருப்பிச் சொல்வது போல இருந்தது. அழவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தத் திங்கக்கெழம பேப்பர் இருக்கா?" என்றார்.

கடைப் பிரதிகள் தீர்ந்துவிட்டன. கோப்புப் பிரதி ஒன்றுதான் இருந்தது.

"அது உண்மையில்லம்மா. அன்னிக்கு யாரும் உச்சிக்குப் போகலை" என்றேன்.

"தெரியும். அதுல அவ்வோ பேரு இருக்கு. தாங்க."

கோப்பின் கயிற்றை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

உங்களில் யாராவது பழைய இதழ்களைப் புரட்டினால் கவனித்திருப்பீர்கள். அந்த மாதத்துக் கோப்பில் ஞாயிறுக்கு அடுத்தது செவ்வாய்க்கிழமை.